எழுவான்கரையிலிருந்து ஒரு புத்தகச் சிபாரிசு

ஒரு நூலை வாசிக்கும்படி ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வது ஓய்வுநேரத்தைக் கழிக்க வழிகாட்டும் சிறு உபகாரம் என்று கருதுகிறவர்கள், 1880 ஆம் ஆண்டு கும்பகோணத்திலே நிகழ்ந்த ஒரு சம்பாஷணையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். கல்லூரியிலே புதிதாகத் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபோது, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்திலே வியப்பேதும் தோன்றவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அவர் அடுத்துக் கேட்ட கேள்வி. அக்கேள்வியின் பயனாக 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து வெளிப்பட்டு நம் கைகளுக்கு வந்தன. தமிழில் இதுவரை செய்யப்பட்ட புத்தகச் சிபாரிசுகளுள் இதற்கு நிகரான இன்னொன்றை நான் அறியேன்.

ஆகவே நான் முதலாவதாகச் சொல்லும் நூல், இந்தச் சந்திப்பை ஐயரே விவரித்திருக்கும் ‘என் சரித்திரம்’. 1940 இல் ஆனந்த விகடனிலே தொடராக வெளிவரத் தொடங்கி, 1942 இல் அவர் மறைந்ததனால் முற்றுப்பெறாமலே நின்று, 1950 இல் நூலுருவம் பெற்ற அந்தச் சுயசரிதத்தை, தமிழ் கற்கும் மாணவர்களுக்குரிய நூல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு குருவுக்கும் மாணாக்கனுக்கும் இடையே இருந்த பாசத்தையும், கையிலே காசில்லாத ஒரு குடும்பம் கல்வியின் பொருட்டு ஊரூராகப் பெயர்ந்து திரிந்த பிரயாசையையும், ஒரு நல்ல நாவலை வாசிக்கும் ஆவலோடு வாசிக்கலாம்.

அந்தச் சந்திப்பிலே என் மனத்தை மிகவும் கவர்வது வேறொன்று. ஐயர் அதுவரை கற்றிருந்தவை எண்ணிக்கையிற் குறைந்தவை அல்ல. ஆயினும் அவை அனைத்தும் ஒரே வீதியில் அமைந்த வீடுகளாகவே இருந்தன. முதலியார் அவரை அடுத்த வீதிக்கு அழைத்தார். இன்று என்னிடம் ‘எதை வாசிக்கலாம்?’ என்று கேட்கும் நண்பர்கள் பலரின் நிலையும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கிறது. நாவல் வாசிப்பவர் நாவலை அன்றி வேறொன்றைத் தொடுவதில்லை. கவிதை வாசிப்பவருக்குச் சரித்திரம் கசக்கிறது. இங்கே பல்கலைக்கழகத்திலே பரீட்சைக்காகத் திறனாய்வு நூல்களைக் கற்கும் பிள்ளைகளோ, அத்திறனாய்வு எந்தக் கதைகளைப் பற்றிப் பேசுகிறதோ அந்தக் கதைகளைக் கையில் எடுப்பது அரிது. ஒரே வகை நூலை மாத்திரம் வாசிப்பவர் எத்தனை நூறு நூல்களை வாசித்தாலும், தாம் பிறந்து வளர்ந்த ஊரைக்கூட அரைகுறையாகவே அறிந்தவராவார் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதனால் நான் நூல்களைத் தனித்தனியே சொல்லாமல், ஒன்றுக்கொன்று துணையாக வேறு வேறு வகையைச் சேர்ந்த இரண்டிரண்டாகச் சொல்ல விரும்புகிறேன். தொடங்கும் இடம் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையாகவே இருக்கட்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனை செல்லும் பாதையிலே செங்கலடியை அடுத்து எங்கள் வந்தாறுமூலை இருக்கிறது. வாவிக்கு இப்பால் இருப்பது எழுவான்கரை; அப்பால் மேற்கே படுவான்கரையின் வயல்கள் விரிகின்றன. இந்த மண்ணிலே வயலைப் பற்றி அறியாமல் வாழ்வைப் பற்றி அறிய இயலாது. வயலை அறிய விரும்புகிறவர் முதலில் நீலாவணனுடைய ‘வேளாண்மை’ என்ற காவியத்தை வாசிக்கவேண்டும். பெரியநீலாவணையிற் பிறந்து 1975 இல் இளவயதிலேயே காலமான அக்கவிஞர் பாடி, அவருடைய மறைவுக்குப் பின் 1982 இல் வெளிவந்த அந்நூலிலே, உழவுத் தொழிலும் உழவர் குடும்பங்களின் உறவும் பேச்சும் நம்முடைய கிராமத்து வாய்மொழியிலேயே செய்யுளாகி நிற்கின்றன. பேச்சுவழக்கு காவியத்துக்கு உதவாது என்று எண்ணியிருப்பவருடைய எண்ணத்தை மாற்ற அதன் சில பக்கங்களே போதுமானவை.

அதை முடித்தவுடன், வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற உரைநடை நூலைத் திறவுங்கள். காவியத்திலே பாத்திரங்களின் வாயிலாக நாம் கேட்ட வழக்கங்களெல்லாம், ஆராய்ச்சியாளர் ஒருவரின் நிதானமான விவரணையிலே மறுபடியும் வந்து, காரணமும் ஒழுங்கும் பெறுகின்றன. களவெட்டியிலே சூடடிக்கும்போது சாதாரணச் சொற்களை விலக்கி, அந்த இடத்துக்கென்றே வகுத்துக்கொண்ட தனிச்சொற்களைப் பேசும் மரபு, நாட்டுப்பாடல்கள், வைத்தியம், மாந்திரீகம், கூத்து என்று அவர் தொகுத்திருக்கும் விஷயங்களிற் பல, இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின் பிறந்த தலைமுறைக்கு அந்நியமாகிவிட்டவை. காவியம் மட்டும் இருந்தால் உணர்ச்சி கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. ஆராய்ச்சி நூல் மட்டும் இருந்தால் அந்த வழக்கங்களைக் கைக்கொண்டவர்கள் சிரித்தவர்களும் அழுதவர்களும் என்பது மறந்துபோகும்.

சரித்திரத்தில் நாட்டமுள்ளவர்கள் எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் 1962 இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற நூலை அறிந்திருப்பார்கள். அதிலே வரும் அரசர்களையும் ஆண்டுகளையும் அப்படியே சரித்திரமாகக் கொண்டு வாதாடுவோரும் உண்டு. கட்டுக்கதை என்று அறவே தள்ளிவிடுவோரும் உண்டு. இரு சாராரும் அந்நூலின் விசேஷத்தைத் தவறவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை, எந்த வரிசை, எந்த முறை என்று ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துக்கொண்ட பத்திரமாக அதை வாசிக்கவேண்டும். அப்படி வாசிப்பதற்கு உற்ற துணை, அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘குருசிபிள் ஒஃப் கொன்ஃப்லிக்ட்’ என்ற பெருநூல். தாய்வழியாக வரும் குடிமுறை, மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம், இவை தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே நிலவும் தன்மை, அவ்வளவு நெருங்கி வாழ்ந்த இரு சமூகத்தாரும் பகைத்துக்கொண்ட துயரம் ஆகிய யாவும் அங்கே பொறுமையாக ஆராயப்பட்டுள்ளன. சட்டம் படித்தவர்கள் இவற்றோடு, பிரிட்டோ என்பவர் 1876 இல் வெளியிட்ட முக்குவச் சட்டம் பற்றிய நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் பாட்டிமாரின் சீதனப் பேச்சுக்குப் பின்னால் எத்தனை பழைமையான சொத்துரிமை முறை ஒன்று இருந்தது என்பதை அது காட்டும்.

இனி நான் மிகவும் ஆசையோடு சொல்ல விரும்பும் இணைக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தைப் பாடசாலையிலே கற்றவர்கள், கண்ணகியை அவளுடைய திருமண நாளிலேதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஆனால் வைகாசிச் சடங்குக் காலத்திலே எங்கள் பிரதேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் அமர்ந்து ஏடு படிப்பதைக் கேட்டவர்களுக்கு அவளுடைய பிறப்பும் தெரியும். பாண்டியனுடைய மாங்கனியிலிருந்து அவள் தோன்றிய கதையும், பேழையிலே வைத்துக் கடலில் விடப்பட்ட கதையும் தெரியும். அங்கே படிக்கப்படுவது ‘கண்ணகி வழக்குரை’. அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறிச் செல்வதும், மீகாமன் அங்கே போர் புரிவதும் விரிவாக வரும் ‘கடலோட்டு காதை’ போன்ற பகுதிகள் இளங்கோவடிகளிடத்திலே இல்லாதவை. கடலோடு பழகிய ஒரு சனக்கூட்டம் தனக்கு வேண்டிய கதையைத் தன் கடலிலிருந்தே சேர்த்துக்கொண்டதோ என்று வாசிக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். வி. சீ. கந்தையா அவர்களே 1968 இல் அதை அச்சேற்றித் தந்தார். சிலப்பதிகாரத்தை ஒரு கையிலும் வழக்குரையை மறு கையிலும் வைத்துக்கொண்டு காதை காதையாக ஒப்புநோக்கி வாசிக்கும் இன்பத்தை அனுபவித்தவருக்கு, செவ்விலக்கியம் என்றும் நாட்டார் இலக்கியம் என்றும் பிரித்து ஒன்றை மேலாகவும் மற்றொன்றைக் கீழாகவும் வைக்கும் பேச்சு மிகவும் பலவீனமாகத் தோன்றும். வழக்குரையை மௌனமாக வாசிக்கவேண்டாம் என்பது மாத்திரம் என் வேண்டுகோள். அது குரலுக்காகச் செய்யப்பட்டது; வீட்டுத் திண்ணையிலே இருந்து உரக்கப் படியுங்கள். வீட்டில் வயோதிபர் எவரேனும் இருந்தால், இராகம் எங்கே பிழைக்கிறது என்று அவர்களே திருத்துவார்கள்.

நாடகத்துக்கு வருவோம். வடமோடி, தென்மோடி என்று இரு மரபாக வழங்கும் எங்கள் கூத்தைப் பற்றிப் பேராசிரியர் சி. மௌனகுரு எழுதிய ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ 1998 இல் நூலாக வெளிவந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, 1965 இல் ‘இராவணேசன்’ நாடகத்தை எழுதி இராவணனாக ஆடியவரும் மௌனகுருவே. களரியிலே ஆடிய கால்களும் ஆராயக் கற்ற அறிவும் ஒருவரிடத்தே அமைவது எளிதன்று. அதற்கு இணையாக நான் வைப்பது, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) எழுதி 1926 இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’. ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்து, அவருடைய நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தனஞ்சயருடைய வடமொழி நாடக இலக்கணத்தையும் அருகில் வைத்து, நாடகத்தின் உறுப்புகளைத் தமிழிலே ஆராயும் சிறு நூல் அது. மேல்நாட்டு நாடகத்தைத் தமிழர் பயில்வதற்கு அவர் அமைத்த பாதை நூறு ஆண்டுகளாகியும் செப்பமாகவே இருக்கிறது.

அடிகளின் ‘யாழ் நூல்’ பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனெனில் அதைப் பூசிப்பவர்கள் அநேகர், வாசிப்பவர்கள் சிலர். 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அதே ஆண்டு அடிகள் காலமானார். வழக்கொழிந்த யாழ்களின் உருவத்தையும் இசையையும் பண்டை இலக்கியச் சான்றுகளைக் கொண்டும், விஞ்ஞானப் பட்டதாரியான அவர் தாமே கணித்த சுருதி அளவுகளைக் கொண்டும் மீட்டெடுக்க முயன்ற கிரந்தம் அது. முதற் பக்கத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலோர் நடுவழியிலே நின்றுவிடுவார்கள். கோயிலிலே தேவாரம் பாடிப் பழகியவர் ‘தேவாரவியல்’ என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். கணக்கிலே விருப்பமுள்ள மாணவர் ‘இசைநரம்பியல்’ பகுதியிலிருந்து தொடங்கலாம். ஒரு நூலுக்கு எத்தனையோ வாசல்கள் இருக்கலாம். வாசகர் தமக்குப் பரிச்சயமான வாசலால் நுழைவதிலே குற்றமில்லை.

சிறுகதையில் எனக்கு மிகவும் பிரியமானது மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் ஆசையை வைத்து, உழைக்கிறவனுக்குக் கருவி சொந்தமில்லாத உலகத்தின் அநியாயம் முழுவதையும் உரக்கப் பேசாமலே அவர் சொல்லிவிடுகிறார். அதை வாசித்தபின், தகழி சிவசங்கரப் பிள்ளை 1956 இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘செம்மீன்’ நாவலைக் கையில் எடுங்கள். அங்கேயும் ஒரு வள்ளத்துக்கான ஆசையே கதையை நகர்த்துகிறது. மலையாளக் கரையும் கிழக்குக் கரையும் ஒரே ஏக்கத்தை எவ்வளவு வேறான முறையிலே சொல்கின்றன என்று காண்பது, இரண்டையும் தனியே வாசிக்கும்போது கிட்டாத அனுபவம்.

கவிதைக்கு ஒரே தொகுப்பைச் சொல்லும்படி கேட்டால், எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984 இல் க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்பேன். அதில் இடம்பெறும் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவரும் எங்கள் கிழக்கைச் சேர்ந்தவர்கள். இவர்களிலே சண்முகம் சிவலிங்கம் தமிழகத்திலே இன்னும் போதிய அளவு வாசிக்கப்படவில்லை. ‘நீர் வளையங்கள்’ என்ற அவருடைய தொகுதியைத் தேடி எடுத்து மெல்ல வாசியுங்கள். அதற்குப் பிந்திய கொடிய போர்க்காலத்தை உணர, உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ என்ற சிறுகதையும் சோலைக்கிளியின் கவிதைகளும் உதவும்.

ஆனால் அக்காலத்தை அறிவதற்குக் கதையும் கவிதையும் மட்டும் போதா. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே ஆண்டிலே, வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 இல் அதே வளாகம் அகதிமுகாமாக இருந்தபோது, செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் இன்றுவரை திரும்பவில்லை. 1994 இல் நியமிக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழுவின் முன் இவ்வூர் மக்கள் சென்று சாட்சியம் அளித்தார்கள். ஆணைக்குழு அறிக்கையை ஒரு வாசகர் தம் பிரியமான நூல்களின் வரிசையிலே சேர்ப்பது விநோதமாகத் தோன்றலாம். பிரியம் என்ற சொல் அதற்குப் பொருந்தாதுதான். ஆயினும் அலங்காரமற்ற அந்த வாக்கியங்களை வாசித்தபின் உமா வரதராஜனின் கதைக்குத் திரும்புகிறவருக்கு, ஒரு கலைஞன் ஏன் அரசனையும் நகரத்தையும் பழங்கதைபோலச் சொல்ல நேர்ந்தது என்பது விளங்கும். கதையை முதலில் வாசித்தவர் அறிக்கைக்குச் சென்றால், அங்கே எண்களாக நிற்கும் மனிதர்களை எண்களாக அவரால் வாசிக்க இயலாது.

எங்கள் கரையை விட்டுச் சற்று வெளியே போகலாம். சிங்கள நாவல்களுள் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ (1944) எம். எம். உவைஸ் அவர்களால் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாயிற்று. தென்னிலங்கைக் கிராமத்துப் பெருங்குடும்பம் ஒன்று தளர்ந்து, வியாபாரத்தால் எழும் புதிய கூட்டம் தலையெடுப்பதைச் சொல்லும் அந்நாவலை வாசிக்கும்போது, எங்கள் பிரதேசத்து நிலவுடைமையாளரான போடியார்களின் வீடுகள் பல என் நினைவுக்கு வருகின்றன. அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப் 1913 இல் எழுதிய ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியவர்கள் தவறவிடக்கூடாத துணைநூல். ஆளவந்த ஒருவர், ஆளப்பட்ட ஏழைக் குடியானவனின் பக்கத்திலே நின்று எழுதிய நாவல் அது.

வங்காளத்திலிருந்து ஒன்றே ஒன்று: தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த. நா. குமாரசாமியின் தமிழாக்கத்திலே. நாடி பிடித்து மரணத்தின் வருகையை அறியும் முதிய கிராம வைத்தியருக்கும், புதிய மருத்துவம் கற்றுவந்த இளைஞருக்கும் இடையே நிகழும் பிணக்கைச் சொல்லும் அந்நாவலை, வைத்தியத்துறை மாணவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லிவருகிறேன். பிரயாண நூல் விரும்புவோர் ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலிலிருந்து தொடங்கலாம். காந்தியடிகளைப் பற்றிய திரைப்படச் சுருள்களைத் தேடி உலகெங்கும் அலைந்தவர் அவர். எவ்வளவு பார்த்தவரோ அவ்வளவு குறைவாகப் பேசுகிறவர்.

இந்நூல்களிற் பல இப்போது கடைகளிலே கிடைப்பதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியும், போரும், 2004 இன் ஆழிப்பேரலையும் இக்கரையின் வீட்டு நூற்சேகரிப்புகளைப் பெரிதும் அழித்துவிட்டன. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிலே சேகரித்து இலவசமாக வழங்கிவரும் ‘நூலகம்’ என்ற முயற்சி 2005 இல் தொடங்கியிராவிட்டால், நான் மேலே சொன்னவற்றிற் சில வெறும் பெயர்களாகவே எஞ்சியிருக்கும். தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ள நண்பர்கள் முதலில் அங்கே தேடுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலே பழைய ஈழத்து வெளியீடு ஏதேனும் இருந்தால், கறையான் அதை அடையுமுன் அவர்களுக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, இணை முற்றுப்பெறாத ஒரு நூல். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் இயற்கையைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். பறவையையும் விலங்கையும் நேரிற் கண்டு, தேர்ந்த சொற்களிலே எழுதிய கட்டுரைகள் அவை. அவற்றின் அருகே எங்கள் மண்ணிலிருந்து எதை வைப்பது? வாவியின் பாடும் மீன்களைக் கேட்டு விபுலாநந்த அடிகள் பாடிய ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’ இருக்கிறது. ஆயினும் அது பாட்டு. கண்டல் மரங்களையும், வலசை வரும் பறவைகளையும், இறாலும் நண்டும் பெருகிக் குறையும் பருவங்களையும், முகத்துவாரம் வெட்டப்படும்போது உப்பும் நன்னீரும் கலக்கும் விதத்தையும் தினந்தோறும் நோக்குகிற மீனவரும் ஆசிரியரும் மாணவரும் இக்கரையிலே நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கிருஷ்ணனை வாசித்துவிட்டு, தாம் கண்டதை மாதம் மாதமாகக் குறித்துவைத்து உரைநடையிலே எழுதத் தொடங்கவேண்டும் என்பது என் விருப்பம். பிரசுரிப்பதற்கு வேண்டிய சகாயத்தை இந்தப் பகுதியின் வாசகர்கள் சேர்ந்து செய்யலாம். அதற்கு முன்வருகிறவர்களுள் என்னையும் ஒருவனாக எண்ணிக்கொள்ளுங்கள்.